மூக்கின் தொடுஉணர்வு

மைசூரில் ஊதுவத்திக்கு வாசனை கூட்டும் எங்கள் தொழிலில் கன்னடமும் தமிழும் தக்கனி உருதுவும் கலந்து புழங்குகின்றன. ஆனால் ஒரு மணத்தின் குணத்தைச் சொல்ல உருது வழியாக வந்த பாரசீகச் சொற்களே கைகொடுக்கின்றன: தேஸ், நரம், கர்ம். மூன்றுமே தொடுஉணர்வின் சொற்கள். தேஸ் என்பது கத்தியின் கூர்மை, நரம் பிசைந்த மாவின் மென்மை, கர்ம் சூடு. மணத்துக்குப் பாரசீகத்தில் உள்ள அடிப்படைச் சொல் 'பூ'. (நம் பூவுக்கும் இதற்கும் உறவில்லை.) குஷ் சேர்ந்தால் நறுமணம், பத் சேர்ந்தால் துர்நாற்றம். அதற்கு மேல் நுட்பம் வேண்டுமென்றால் முஷ்க், அம்பர் என்று பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும். இல்லையேல் தோலிடம் கடன் வாங்க வேண்டும். அந்தக் கடனை நான் சொல்வறுமையாகக் கருதவில்லை, சரியான கவனிப்பாகவே கருதுகிறேன்.

இது வெறும் உவமைதானே என்று கேட்கலாம். முழுக்க அப்படியல்ல. கற்பூரத்தை முகர்ந்தால் மூக்குக்குள் குளிர்கிறது, அம்மோனியா குத்துகிறது. முகத்தின் தொடுஉணர்வையும் சூடு குளிரையும் மூளைக்குக் கொண்டுபோகும் முக்கிளை நரம்புதான் இவற்றையும் கொண்டுபோகிறது. ஆகவே தேஸ் என்று சொல்பவர் உள்ளதை உள்ளபடியே சொல்கிறார். சந்தனத்துக்கு இந்த விளக்கம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது எதையும் குத்துவதில்லை. ஆனால் அதன் எண்ணெய் கெட்டியானது, மெதுவாகவே ஆவியாகும். அதனால் ரோஜாவோ மல்லிகையோ அதன்மேல் ஏறும்போது முனை மழுங்கி நின்று மணக்கிறது. நரம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மரத்தூளும் ஜிகட் என்ற பசைத்தூளும் மட்டிப்பால் பிசினும் சேர்ந்த மசாலாவை மூங்கில் குச்சியில் உருட்டும்போது, மாவு உள்ளங்கையில் ஒட்டாமல் வழுக்கும் பதத்துக்கும் அதே சொல்தான்.

தமிழில் சொல்லில்லையா என்பது அடுத்த கேள்வி. நெடி, கவிச்சி, மொச்சை, முடை, வீச்சம் என்று கெட்ட வாடைக்கு நம்மிடம் அடுக்கடுக்காக இருக்கின்றன. மிளகாய் நெடியில் இருமல் வருவதும் தொடுஉணர்வுதான். நல்ல மணங்களைத் தரம் பிரிக்கத்தான் சொல் குறைகிறது. குளிர்காலத்து ஷமாமா அத்தரைக் கர்ம் என்றதும், கோடையின் வெட்டிவேர் அத்தரிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பது வாங்குபவருக்குப் புரிந்துவிடுகிறது. மைசூர் ஊதுவத்திக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; பெயரைக் காத்தால் போதாது, தொழிலின் சொற்களையும் காக்க வேண்டும். ஆகவே புதியவர்களுக்கு இத்தொழிலைக் கற்றுக்கொடுப்பவர்கள் இந்த மூன்று சொற்களையும் பாடத்தில் சேர்க்க வேண்டும்.