மலையேறும் மாட்டுக்கு ஒரு கணக்கு

செப்டம்பர் மாதம். சுவிட்சர்லாந்தில், தூன் ஏரிக்கு மேலே இருக்கும் யுஸ்டிஸ்தால் பள்ளத்தாக்கில் சீஸ் பங்கு பிரிக்கும் நாள். மரக் கிடங்கின் வாசலிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று, கான்கிரீட் சட்டி கைமாறுவதுபோல் சீஸ் வட்டுகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே புல்தரையில் அடுக்கடுக்காகக் குவியல்கள். பூச்சூடிய மாடுகள் மலையிறங்கக் காத்து நின்றன.

கோடை முழுக்கப் பல குடும்பத்து மாடுகள் மேலே ஒன்றாக மேய்கின்றன. பாலையெல்லாம் ஒன்றாக ஊற்றி அங்கேயே சீஸ் ஆக்கிவிடுகிறார்கள். ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் பால் வேண்டும். நாலு மாடு வைத்திருப்பவர் தனியாக என்ன செய்ய முடியும்? எந்த மாடு எவ்வளவு கறந்தது என்பதற்குக் கணக்கு உண்டு. அதன்படி பங்கு. எந்தக் குவியல் யாருக்கு என்பதைச் சீட்டு தீர்மானிக்கிறது.

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இன்னமும் ரெண்டு எருமை கட்டியிருக்கும் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். தினமும் சொசைட்டியில் டிகிரி பார்த்துப் பால் ஊற்றுகிறவர். "பாலை அளந்துக்கலாம் கண்ணு. புல்லை எவன் அளக்கறது? ஒருத்தன் பத்து மாட்டை ஓட்டிட்டு வந்துட்டா?"

சரியான கேள்வி. அதற்கான பதில், ரயிலும் பேருந்துமாகப் போய்ச் சேர்ந்த வாலே மாநிலத்து டோர்பெல் கிராமத்தில் இருந்தது. நம் மேய்ச்சல் நிலமான கொரங்காடு அவரவர் பட்டா, கிளுவை வேலிக்குள் அவரவர் மாடு. டோர்பெலில் மேய்ச்சல் மலை ஊருக்குப் பொது; வைக்கோலுக்குப் புல் அறுக்கும் நிலம் மட்டும் தனித்தனி. 1517-இல் எழுதிவைத்த விதிப்படி, பனிக்காலத்தில் சொந்தத் தீவனத்தால் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் மேலே ஓட்டலாம். வாங்கி விற்கிற வியாபாரிக்கு அங்கே வேலையில்லை. பொதுச்சொத்து என்றாலே பாழாகும் என்ற வாதத்தை மறுக்க, எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இல் எழுதிய நூலில் இந்த ஊரையும் உதாரணமாகக் காட்டினார். 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

பெரியப்பாவுக்கு நோபலெல்லாம் பொருட்டில்லை. தீவனத் தட்டுப்போரைப் பார்த்து மாடு வாங்குவது அவருக்கும் பழக்கம்தான். அவர் ரசித்தது வேறொன்றை: கணக்கை மீறி மாடு ஓட்டியவரிடம் அபராதம் வசூலிக்கும் ஊர் அதிகாரிக்கு, அந்த அபராதத்தில் பாதி சொந்தமாம்.

"அப்ப அவன் தூங்கியே இருக்கமாட்டான்" என்றார்.