ஒரே மருந்து, மூன்று பெயர்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் எங்கள் உறவில் ஒரு அக்காவுக்குச் சர்க்கரை கூடிப்போய், இன்சுலின் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு செய்தி அனுப்பிவிட்டார்கள், இது செயற்கை இன்சுலின், கிருமியிலிருந்து எடுப்பது என்று. அக்கா போன் செய்து, "தம்பி, கிருமியையா உடம்புல ஏத்தச் சொல்றாங்க? நான் போட்டுக்க மாட்டேன்" என்றார்.

அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். 1978-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஆய்வகத்தில் கட்டி, ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அது இன்சுலினைச் செய்து தந்தது. 1982-இல் அங்கே மருந்தாக அனுமதி கிடைத்தது. இன்று ரொட்டி மாவை உப்ப வைக்கிற ஈஸ்ட்டும் இந்த வேலையைச் செய்கிறது. அவற்றை நீக்கிச் சுத்தம் செய்த பிறகே மருந்து நம் கைக்கு வருகிறது. அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஊசி போட ஆரம்பித்தார்.

மருந்து ஒன்றுதான். "மனித இன்சுலின்" என்றால் கை நீட்டுகிறோம். "செயற்கை இன்சுலின்" என்றால் யோசிக்கிறோம். "கிருமி இன்சுலின்" என்றால் ஓடுகிறோம்.

இப்படி நுண்ணுயிருக்குப் புது வேலை கொடுப்பது இன்று பெரிய துறையாகிவிட்டது. ஆங்கிலத்தில் சிந்தெடிக் பயாலஜி. தமிழில் "செயற்கை உயிரியல்" என்கிறோம். சிந்தசிஸ் என்றால் பலவற்றைச் சேர்த்து ஒன்றாக்குவது. அதே சொல் போட்டோசிந்தசிஸில் வந்தபோது அழகாக "ஒளிச்சேர்க்கை" என்றோம். இலை செய்தால் சேர்க்கை, ஆய்வகம் செய்தால் செயற்கை! சேர்க்கை என்றால் பயம் இல்லை. செயற்கை என்றதும் சாயம், கலப்படம், போலி எல்லாம் கூடவே வந்து நிற்கின்றன.

உண்மையில் அது கெட்ட சொல்லே இல்லை. வகுப்பில் நடத்தியது சிலருக்கு நினைவிருக்கும். செயற்கைப் பொருளை "ஆயிற்று" போன்ற ஆக்கச் சொல்லோடு சொல்ல வேண்டும், அந்த ஆக்கத்துக்குக் காரணம் முன்னால் வரும் என்கிறது தொல்காப்பியம். எருவிட்டு, களையெடுத்து, நீர் பாய்ச்சியதால் பயிர் நல்லதாயிற்று என்ற பொருளில் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டு தருகிறார்கள். அங்கே செயற்கை என்றால் போலி அல்ல, ஒரு காரணத்தால் அப்படி ஆனது.

அதற்காக, பயமுறுத்தும் பெயர் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. 1998-இல் அமெரிக்காவில் ஒரு விதை நிறுவனமும் அந்நாட்டு வேளாண் துறையும் சேர்ந்து ஒரு காப்புரிமை பெற்றன. "தாவர மரபணு வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துதல்" என்பது போலச் சாதுவான தலைப்பு. விளைந்த விதை மறுபடி முளைக்காது என்பதுதான் விஷயம். ராஃபி என்ற தன்னார்வ அமைப்பு அதற்கு "டெர்மினேட்டர்" என்று பெயர் வைத்த பிறகே உழவர்களுக்குப் புரிந்தது. எதிர்ப்பு வலுத்தது. அந்த விதை நிறுவனத்தை வாங்க முயன்றுகொண்டிருந்த மான்சாண்டோ, இதைச் சந்தைக்குக் கொண்டுவர மாட்டோம் என்று 1999-இல் அறிவித்தது.

இனிய உவமையும் ஏமாற்றும். 2020-இல் வேதியியல் நோபல் பெற்ற கிரிஸ்பர் முறையை "மரபணுக் கத்தரிக்கோல்" என்கிறோம். கோடு போட்ட இடத்தில்தான் வெட்டும் என்று மனம் நம்பிவிடுகிறது. சில சமயம் அது வேறு இடத்திலும் வெட்டிவிடும். அந்த ஆபத்து உவமையில் தெரிவதில்லை.

பத்திரிகையிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே, பெயரோடு நிறுத்தாதீர்கள். யார் செய்தது, எதிலிருந்து, எதற்காக, யாருக்கு லாபம், யாருக்கு ஆபத்து என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். உறவுகளே, அடுத்தவருக்கு அனுப்பும் முன் அதே கேள்விகளை நீங்களும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். சிந்தெடிக் பயாலஜிக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று கீழே எழுதுங்கள். நான் "சேர்க்கை உயிரியல்" என்று சொல்லிப் பார்க்கிறேன். இதைவிட நல்லது வந்தால் முழு மதிப்பெண்!