வாளுக்கு ஒரு நூல்

பெரும்பாவூரைப் பார்க்கவென்று யாரும் பெரும்பாவூருக்குப் போவதில்லை. ஆலுவாவில் இறங்கி மூணாறு பஸ் ஏறுகிறவர்களுக்கு அது வழியில் நெரிசலோடு வந்துபோகிற ஊர். கோயில் குளம் என்று கிளம்புகிறவர்களுக்கு, சங்கரர் பிறந்த காலடிக்குப் பக்கத்து ஊர். சென்ட்ரலில் இரவு ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறி, விடிந்ததும் ஆலுவாவில் இறங்கி, அங்கிருந்து 15 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தேன். பெரும்பாவூரில் பையோடு எழுந்த என்னைப் பக்கத்து சீட்டு அம்மா சந்தேகமாகத்தான் பார்த்தார். மூணாறுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறதாம். பிளைவுட் பார்க்க வந்தேன் என்று சொன்னதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

நான் படித்தது இன்டீரியர் டிசைன். “கர்ட்டனுக்குக் கலர் பார்த்துச் சொல்ற படிப்பா?” என்று பெரியப்பா கேட்டதற்கு இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. இப்போது நடத்துவது மென்பொருள் கம்பெனி. அலமாரியையோ சமையலறையையோ திரையில் வரைந்தால், எத்தனை பலகை வாங்க வேண்டும், எதை எங்கே அறுக்க வேண்டும் என்று ஆசாரி கையில் ஒரு தாளாகக் கொடுக்கும். நானும், புரோகிராம் எழுதத் தெரிந்த பள்ளித் தோழன் ஒருவனும் சேர்ந்து ஆரம்பித்தது.

படித்த ஊர் அகமதாபாத். பாலகிருஷ்ண தோஷி 1962-இல் கட்டிடக்கலைப் பள்ளியாகத் தொடங்கிய செப்ட் வளாகம். பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் அவர், 2018-இல். வளாகத்தை ஒட்டியே அவர் வடிவமைத்த குஃபா இருக்கிறது. தரைக்கடியில் ஓர் ஓவியக்கூடம். மேலே உடைந்த பீங்கான் பதித்த கும்மட்டங்கள், உள்ளே எம்.எஃப். உசேன் சுவரிலேயே தீட்டிய ஓவியங்கள், குகையில் நிற்பதுபோல் கோணல்மாணலான தூண்கள். தேடினாலும் ஒரு நேர்கோடு அகப்படாது. 1990-களில் அந்த வடிவத்தைக் கணினியின் துணையோடுதான் தீர்மானித்தார்கள். கட்டியவர்களோ பழங்குடித் தொழிலாளர்கள், சாதாரணக் கைக்கருவிகளை வைத்துக்கொண்டு. கம்பிவலையில் சிமென்ட் பூசிய அந்தக் கூரையின் கனம் ஓர் அங்குலம்தான். உசேனைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போவார்கள். எனக்கு, கணினியில் இருந்தது அந்தக் கைகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் குடைச்சலாக இருந்தது. எந்தத் தாளைக் காட்டியிருப்பார்கள்? அதில் யாருக்குப் புரிகிற அளவு எழுதியிருந்தது?

வரைகிற மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் போல்டர் நகரத்திலிருந்து 2000-இல் வந்த ஸ்கெச்சப், ஒரு சதுரத்தை இழுத்தால் பெட்டியாகிவிடும் என்ற ஒரே வித்தையில் எங்களைப் போன்றவர்களை வசியம் செய்தது. 2006-இல் கூகுள் வாங்கியது, 2012-இல் டிரிம்பிளுக்குக் கைமாறியது. விமானம் செய்கிறவர்களின் மென்பொருளை எடுத்துக் கட்டிடத்துக்கு வளைத்த ஃபிராங்க் கெரி, 2002-இல் தன் அலுவலகத்திலிருந்தே ஒரு மென்பொருள் கம்பெனியைக் கிளப்பினார். கட்டிடக்காரர்களும் இந்த வேலைக்கு வரலாம் என்பதற்கு எனக்கு அவர்தான் அத்தாட்சி. பெரியப்பாவுக்கு அவர் யாரென்று தெரியாததால் அத்தாட்சி வீட்டில் செல்லவில்லை.

படிப்பு முடிந்து சென்னையில் ஓர் அலுவலகத்தில் பயிற்சி. கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட், மூன்று படுக்கையறைக்கும் அலமாரி. ஆழம் இரண்டடி என்று அலுவலகத்தின் வரைபடத்தில் இருந்தது. திரையில் படம் அவ்வளவு அழகு. உள்ளே தொங்கும் சட்டையின் நிழல்கூட விழுந்திருந்தது. ஆசாரி பலகையைத் தரையில் போட்டுவிட்டு வாளைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“இதுல ரெண்டு வராதும்மா” என்றார்.

“நாலடிப் பலகைதானேண்ணே? ரெண்டும் ரெண்டும் நாலு.”

“வாளுக்கு ஒரு நூல் யாரு குடுப்பா?”

தச்சுவேலையில் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வாள் தின்று தூளாக்குகிற கனமும் ஏறக்குறைய அதுதான். எட்டுக்கு நாலு என்று நாம் சொல்கிற பலகை கடையில் 2440-க்கு 1220 மில்லிமீட்டர். இரண்டு இரண்டடி சேர்ந்தால் 1219 வந்துவிடும், வாள் போக இடமேது? ஆழத்தை 600 மில்லிமீட்டராகப் போட்டிருந்தால் இரண்டு துண்டும் வந்து, ஓரத்தில் ஒரு விரற்கடை மிச்சமும் நின்றிருக்கும். படம் வரைந்த மென்பொருளுக்கு வாளென்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு அலமாரி ஒரு படம். ஆசாரிக்கு அது கழித்தல் கணக்கு. லேமினேட்டில் மரவரி ஓடினால் கணக்கு இன்னும் இறுகும்: வரி நெடுக்குவாட்டில் நிற்க வேண்டிய கதவைக் குறுக்கே திருப்பிப் போட்டு அறுத்துச் சமாளிக்க முடியாது. இதையெல்லாம் அவர் ஒரு தீப்பெட்டி அட்டையின் பின்புறத்தில் போட்டு முடித்தார்.

கம்பெனி அந்தத் தீப்பெட்டி அட்டையிலிருந்து பிறந்தது என்று சொன்னால் நாடகமாக இருக்கும். சம்பளம் போதவில்லை என்பதும் ஒரு காரணம். பதிவு செய்தது, வங்கிக் கணக்கு திறந்தது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். பணம் போடுகிறவர்களைப் பார்க்கப் போனால், படம் எத்தனை நொடியில் வரும் என்றே கேட்டார்கள். அறுப்புப் பட்டியலைக் காட்டினால் கொட்டாவி. ஆனால் சைடன்ஹாம்ஸ் சாலை பிளைவுட் கடைகளில் அதே பட்டியலைக் காட்டினால் நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். காசு எங்கிருந்து வரும் என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. அவர்கள் கடையில் அடுக்கியிருந்த பலகைகளில் பலவும் பெரும்பாவூர்ச் சரக்கு.

ஊருக்குள் நுழைந்ததும் ரப்பர்க்கட்டை லாரிகள். பால் எடுத்து ஓய்ந்த, 25, 30 வயது மரங்கள். வெட்டுவாயில் இன்னும் புளித்த வாடை. கடைப் பலகைகளில் மலையாளத்தோடு இந்தியும் வங்காளமும் இருந்தன. ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அசாம், வங்காளம், ஒடிசாக்காரர்கள். ரேயான்புரம் என்று ஒரு பகுதி உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் எழுப்பிய திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலை அங்கேதான் இருந்தது. மூடி வெகுகாலமாகிவிட்டது. நம் ஊர்க்காரர் ஒருவர் புதிதாக ஒன்றைத் தொடங்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஆலை சூப்பர்வைசர் வயதானவர். “மோளே, ஷூ இட்டோ” என்று என் செருப்பைக் காட்டிச் சொல்லி, யாருடையதோ ஒரு ஜோடியைக் கொடுத்தார். பீலிங் இயந்திரத்தின் முன்னால் அரைமணி நேரம் நின்றிருப்பேன். பட்டை சீவிய கட்டை சுழல, நீளக் கத்தி அதன்மேல் படிகிறது. சுருட்டி வைத்த பாயை உதறினால் விரிவதுபோல் மரம் விரிந்து வருகிறது. ஈரமாக, வெளுப்பாக, கையில் எடுத்தால் வளைகிறது. கடைசியில் மணிக்கட்டுப் பருமனில் ஒரு குச்சி மிஞ்சும், அது பாய்லருக்கு. பாய்லரின் சூடுதான் பின்னால் அழுத்துகிற பிரஸ்ஸுக்கு. எதுவும் வீணாவதில்லை.

முற்றத்தில் அந்த மரத்தாள்களை வெயிலில் நிறுத்திக் காயவைத்திருந்தார்கள். உள்ளே பசை. கண் எரிந்தது, ஃபார்மால்டிஹைடு. யூரியா கலந்த பசை என்றால் சாதாரண ரகம், ஃபீனால் கலந்தது என்றால் தண்ணீர் தாங்கும் ரகம். சிங்க்குக்கு அடியில் எதைப் போடுவது என்பதில் நம் ஊரில் நடக்கிற சண்டை முழுக்க இந்த இரண்டு டிரம்களுக்குள் அடக்கம். பசையைக் கெட்டியாக்க மைதாவும் சேர்க்கிறார்கள், மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. கேரளத்தில் பரோட்டாவுக்குப் போட்டியாக இன்னொரு தொழில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஒரு தாளின் வரி நெடுக்கே, அடுத்தது குறுக்கே என்று மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்த பையன் அசாமின் நகாவ்ன்காரன். அகமதாபாத் இந்தி அங்கே கைகொடுத்தது. நடுவில் துண்டுகளுக்கிடையே சந்து விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். “ஸ்குரூ நிக்காது தீதி, ஆனா மேல் தாள் போட்டுட்டா யாருக்கும் தெரியாது” என்றான். அந்த மேல் தாள் இந்த ஊர் மரமில்லை. முன்பு பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2014-இல் மியான்மர் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியபின் ஆப்பிரிக்காவின் காபோனிலிருந்து ஒக்கூமே மரம் வருகிறது. வேளச்சேரி வீட்டு அலமாரிக் கதவைத் தட்டினால் காபோன், கோட்டயத்து ரப்பர், கொஞ்சம் மைதா.

பிரஸ்ஸிலிருந்து வந்து, ஓரம் வெட்டி, தேய்த்து முடித்த பலகைகள் வாசல் பக்கம் அடுக்கியிருந்தன. 18 என்று முத்திரை. பையிலிருந்து காலிப்பரை எடுத்து வைத்தேன். 17.4. இன்னொரு மூலையில் 17.6. சூப்பர்வைசர் சிரித்தார். தேய்க்கும்போது கொஞ்சம் போகும், அளவு கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாமென்று தரக்குறியீடே இடம் கொடுக்கிறது என்றார்.

அவருக்கு அது சிரிப்பு. வெளியே 1 மில்லிமீட்டர் லேமினேட், உள்ளே 0.8 ஒட்டினால் இந்தப் பலகை 19.2 ஆகிவிடும். நாலடி அலமாரிக்கு வெளி அகலம் 1200 என்று வைத்தால், 18 என்று நம்பி அறுத்த நடுத்தட்டு 1164. உள்ளே கிடைக்கிற இடமோ 1161.6. தட்டு உள்ளே போகாது. ஆசாரி இழைப்புளியைத் தேடுவார், நம்மைத் திட்டுவார்.

அங்கேயே நின்று தோழனைக் கூப்பிட்டேன். பலகையின் உண்மைக் கனத்தைக் கேட்க இன்னொரு கட்டம் வேண்டும் என்றேன். “ஏற்கெனவே ஒன்பது கட்டம் இருக்கு. இன்னொண்ணு வச்சா ஆளுங்க ஓடிடுவாங்க” என்றான். படம் வரைகிறவர்கள் ஓடுவார்கள், பலகை வாங்குகிறவர்கள் ஓடமாட்டார்கள் என்றேன். நாம் யாருக்கு விற்கிறோம் என்று அவன் கேட்க, பேச்சு அங்கிருந்து ஆலுவா பிளாட்பாரம்வரை நீண்டு, ரயிலில் சிக்னல் போய்ப் போய் வந்து, வாட்ஸ்அப்புக்கு மாறியது. கோயம்புத்தூர் வருவதற்குள் ஒருவழியாக ஒப்புக்கொண்டான்: கட்டம் இருக்கும், தானாக 18 என்று நிரம்பியிருக்கும், வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளலாம். மில்லிமீட்டரில் மட்டுமா, நூலிலும் வேண்டுமா என்று கேட்டிருந்தான். இரண்டிலும் என்று அனுப்பிவிட்டு, மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தேன்.