ஒத்துக்காரர் உட்கார்ந்த இடம்

தை மாதம் பிறந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு முகூர்த்த நாள் வீணாகாது. அறுவடை முடிந்த கையோடு கல்யாண மண்டபங்கள் நிரம்பிவிடும். மேடைக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து மேள செட் உட்கார்ந்திருக்கும். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம். அவர்களுக்கு நடுவே கைக்கடக்கமான ஒரு சுருதிப் பெட்டி. சில செட்டுகளில் அதுவும் இல்லை, ஒரு செல்போன்தான் ரீங்காரம் செய்துகொண்டிருக்கும்.

அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒத்துக்காரர் என்று பெயர். நாதஸ்வரம் போலவே இருக்கும் ஒரு குழலில், ராகமோ பாட்டோ எதுவும் வாசிக்காமல், ஒரே சுருதியை மணிக்கணக்கில் விடாமல் ஊதுவது அவர் வேலை. அவர் எப்படி வந்தார், எப்படிப் போனார் என்பதைத் தெரிந்துகொள்ள, தஞ்சாவூரில் தொடங்கி காவிரியோடு கிழக்கே ஒரு நாள் பயணம் போனால் போதும்.

நெல் கொடுத்து வளர்த்த இசை

முதல் நிறுத்தம் பெரிய கோயில். 1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த இந்தக் கோயிலின் சுவர்களில், சாமிக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் மட்டும் இல்லை, சம்பளப் பட்டியலும் இருக்கிறது. ஆடவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நட்டுவம் செய்தவர்கள், பாடியவர்கள், கொட்டு அடித்தவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. வயலில் விளைந்ததுதான் வாத்தியமாக ஒலித்தது. டெல்டாவில் இத்தனை ஊர்களின் பெயர்கள் வித்வான்களின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அரண்மனை. புதுமை என்றால் தஞ்சாவூர் மிரண்டுவிடும் என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 17-ம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் காலத்தில், வீணைக்கு 24 மெட்டுகளை நிலையாகப் பதித்து எல்லா ராகங்களையும் ஒரே வீணையில் வாசிக்க வழி செய்தார்கள். அன்றைக்கு அதுதான் புதிய தொழில்நுட்பம். அதற்கு முன்பு ராகத்துக்கு ஏற்றபடி மெட்டுகளை நகர்த்த வேண்டியிருந்தது.

மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்தில் அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வாத்தியமே முழங்கியது. கப்பலில் வந்த வயலினை நம்மவர்கள் கையில் எடுத்ததும் அந்தக் காலத்தில்தான். தஞ்சை நால்வர் என்று சொல்லப்படும் சகோதரர்களில் இளையவரான வடிவேலுவுக்கு, அவர் வயலின் வாசிப்பில் மயங்கிய சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வெள்ளைக்காரர் நின்றுகொண்டு வாசித்த வாத்தியத்தை, நம்மவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றிக்கொண்டார்கள். அதனால் இடது கைக்கு வயலினைத் தாங்கும் வேலை குறைந்தது. விரல் தந்தியில் தாராளமாக வழுக்கி ஓடியது. கமகம் வந்தது. வாத்தியம் அதேதான், உட்கார்ந்த விதம்தான் அதைக் கர்நாடக சங்கீதத்துக்குச் சொந்தமாக்கியது.

மெழுகும் மைக்கும்

தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றது. பலா மரத்தில் குடைந்து செய்கிறார்கள். குடம், தண்டி எல்லாம் ஒரே மரத்தில் செய்தால் அது ஏகாந்த வீணை. கடைசி வேலைதான் கஷ்டமானது: மெழுகின் மேல் 24 மெட்டுகளையும் சரியான இடத்தில் பதிக்க வேண்டும். இதற்கு ‘மேளம் கட்டுதல்’ என்று பெயர். ஒரு நூலிழை தள்ளிப்போனாலும் சுரம் பிசகும். வெயில் ஏறினால் மெழுகு இளகும், அப்போது மறுபடி கட்ட வேண்டும். இதையெல்லாம் காதை மட்டும் நம்பித்தான் செய்து வந்தார்கள். இப்போது செல்போனில் இருக்கும் டியூனர், சுரம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று முள் அசைத்துக் காட்டிவிடுகிறது. ஆனால் அந்த முள் காட்டுவது ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு தந்தியை இழுக்கும்போது இனிமை கெடாமல் வருகிறதா என்பதற்கு இன்றும் காதுதான் நீதிபதி.

வீணையின் நாதம் மென்மையானது. ஒரு கூடத்தில் சிலர் உட்கார்ந்து கேட்பதற்காகப் பிறந்த வாத்தியம். பெரிய சபாக்கள் வந்தபோது பின் வரிசைக்குக் கேட்கவில்லை. வாத்தியத்திலேயே ஒட்டிவைக்கும் சின்ன மைக் வந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. கூடவே வாசிப்பும் மாறியது. முன்பு ஓசை கடைசி வரை போக வேண்டுமென்றால் அழுத்தி மீட்ட வேண்டும், அடிக்கடி மீட்ட வேண்டும். மைக் வந்ததும் ஒரே மீட்டில் தந்தியை இழுத்து இழுத்து நாலைந்து சுரங்களைக் காட்ட முடிந்தது. நாதம் அடங்கும் வரை அரங்கம் காத்திருந்து கேட்டது. அதே மைக், விரல் மெட்டில் உரசும் சத்தத்தையும் பெரிதாக்கிக் காட்டிவிடும் என்பதால், விரல் நடையிலும் கவனம் கூடியது.

ஐந்து ஆறு தாண்டி

தஞ்சாவூரிலிருந்து வடக்கே 13 கிலோமீட்டர் போனால் திருவையாறு. வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் பாலமாகத் தாண்ட வேண்டும். 1847-ல் மறைந்த தியாகராஜரின் சமாதி காவிரிக் கரையில் இருக்கிறது. அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று வித்வான்கள் நூற்றுக்கணக்கில் கூடி உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள்.

இத்தனை பேர் சேர்ந்து பாடுவதை ஆற்றங்கரை முழுக்கக் கேட்க வைப்பது ஒலிபெருக்கி. ஊர் தாண்டிக் கொண்டுபோனது வானொலி. திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கப்பட்ட பிறகு, ஆராதனைக்கு வர முடியாதவர்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்டார்கள். ஆனால் வானொலி தன்னோடு ஒரு கடிகாரத்தையும் கொண்டுவந்தது. கோயில் புறப்பாட்டில் ஒரே ராகத்தை வீதி வீதியாக விடியும் வரை வாசித்துப் பழகிய நாயனக்காரர்கள், ஸ்டுடியோவில் ஒதுக்கிய நிமிடங்களுக்குள் அதே ராகத்தின் உருவத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கால இசைத்தட்டு இன்னும் கறார்: ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான்.

அதில் ஜெயித்தவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவருடைய தோடி, இசைத்தட்டில் ஏறி, சங்கீதம் தெரியாத வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. மணிக்கணக்கில் தோடி வாசித்தவர், சில நிமிடங்களிலும் தோடியைத் தோடியாகவே காட்டினார்.

நரசிங்கம்பேட்டை ஆச்சா மரம்

அவர் ஊருக்குப் போக, கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை சாலையைப் பிடிக்க வேண்டும். கும்பேஸ்வரர் கோயிலில் கல்லால் ஆன நாதஸ்வரம் ஒன்று இருக்கிறது, பார்க்க முடிந்தால் பார்க்கலாம். ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் செய்வதற்கே பெயர்போன ஊர். 2022-ல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கே புதிதாக வெட்டிய மரத்தைத் தொடமாட்டார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு காய்ந்த ஆச்சா மரம்தான் வேண்டும். அதைக் கடைந்து, நீளமாகத் துளையிட்டு, 12 துளைகள் போடுகிறார்கள். விரல் வைத்து வாசிப்பவை 7. மீதி 5 துளைகள் சுருதியைச் சரிசெய்ய, அவற்றை மெழுகால் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். வாயில் வைக்கும் சீவாளிக்கு ஆற்றோரம் வளரும் நாணல்.

முன்பு எல்லோரும் வாசித்தது திமிரி நாயனம். குட்டையானது. நாலு, ஐந்து கட்டை சுருதியில் ஊரையே எழுப்பும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தேரோடும் வீதிக்கு அதுதான் பொருத்தம். ராஜரத்தினம் பிள்ளைக்காக இவ்வூர் ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய பாரி நாயனம் நீளமானது. சுருதி இரண்டு, இரண்டரை கட்டைக்கு இறங்கியது. சுத்த மத்தியமம் சுத்தமாகவே பேசியது. குரல் கனத்து, குழைந்து வந்தது. வீதியில் பிறந்த வாத்தியம், மைக் வைத்த மேடையில் வாய்ப்பாட்டுக்குப் பக்கத்தில் சமமாக உட்கார முடிந்தது இதனால்தான். இன்று பெரும்பாலோர் வாசிப்பது பாரிதான்.

போனது யார்?

தவிலிலும் மாற்றம் வந்தது. முன்பு தோல் வாரால் இழுத்துக் கட்டுவார்கள். ஐப்பசி மழையில் தோல் தொய்ந்தால் தவில்காரர் பாடு திண்டாட்டம். இப்போது இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும். ஒரு ஸ்பேனர் இருந்தால் சில நிமிடங்களில் சுருதி சேர்ந்துவிடும். இதனால் யாரும் வேலை இழக்கவில்லை, அடிக்கும் கைதான் நிம்மதியானது.

ஒத்துக்காரர் விஷயம் அப்படியில்லை. முதலில் துருத்தி வைத்த சுருதிப் பெட்டி. பிறகு, 1970-களின் இறுதியில் பெங்களூர் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி.ராஜ் நாராயணன் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு செல்போன் ஆப். மூச்சு வாங்காது, பிசகாது, சாப்பாடு கேட்காது, சம்பளத்தில் பங்கும் கேட்காது. சின்னச் செட்டுக்கு ஓர் ஆள் கூலி மிச்சம் என்பது லேசான விஷயம் இல்லை.

ஆனால் ஒத்து ஊதியவர் பெரும்பாலும் கூலிக்கு வந்த ஆள் இல்லை. குருவின் வீட்டில் தங்கிப் படித்த சிறுவன். நாயனத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பு அவனிடம் ஒத்தைக் கொடுப்பார்கள். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, சத்தம் அறுந்துபோகாமல் ஊத அவன் பழகினான். நாதஸ்வரத்துக்கு அடிப்படையே அந்த மூச்சுதான். அதைவிடப் பெரியது, அவன் உட்கார்ந்த இடம். குருவுக்குப் பக்கத்தில், ராத்திரி முழுக்க, வருஷக்கணக்கில். எந்த வேளைக்கு எந்த ராகம், புறப்பாட்டுக்கு மல்லாரியை எப்படி எடுப்பது, கூட்டம் கலையும்போது என்ன வாசித்தால் நிற்கும் என்பதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் இருந்ததால் காதில் விழுந்தது. பெட்டி வந்தபோது சுருதி போகவில்லை. அந்தச் சிறுவனின் இடம் போய்விட்டது.

கோயில்களில் நிலைமை இன்னும் கடினம். பல ஊர்களில் சாயரட்சை பூஜைக்கு இப்போது மின்சார மேளம். சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றும், முரசும் மணியும் தானாக அடிக்கும். காலையும் மாலையும் ஒரு குடும்பத்துக்கு வாசிப்பும் வருமானமுமாக இருந்த இடம் அது. எந்தப் பூஜைக்கும் அதற்குத் தெரிந்தது ஒரே தாளம்தான்.

இழந்ததை எல்லாம் புதுமையின் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் மாவட்ட இசைப்பள்ளிகளிலும், பரம்பரை இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இன்று நாதஸ்வரம், தவில் படிக்கிறார்கள். அந்தக் காலத்தில் குரு வீட்டுத் திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இன்று எந்தப் பிள்ளையின் போனிலும் கிடைக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், நிறுத்தி நிறுத்திப் பிடிக்கலாம். ஒத்து ஊதிய பையனுக்கு அந்த வசதி இல்லை.

கேட்பதற்குப் போன் போதும். பக்கத்தில் உட்காருவதற்கு ஓர் ஆள் வேண்டும். சுருதியைப் பெட்டியே பார்த்துக்கொள்ளட்டும், மிச்சமான அந்த ஜமக்காள இடத்தில் படிக்கிற பிள்ளை ஒன்றைத் தாளத்தோடு உட்காரவைக்கச் செலவு ஒன்றும் ஆகாது. மண்டபம் பிடித்து, சமையலுக்குச் சொல்லி, மேளத்துக்கு முன்பணம் கொடுக்கும் கல்யாண வீட்டார், “பிள்ளைங்க யாராவது படிக்கிறாங்கன்னா அவங்களையும் கூட்டிட்டு வாங்க, இலை போட்டுடலாம்” என்று ஒரு வார்த்தை சொன்னால், நாயனக்காரர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.