கல்லும் துடைப்பமும்

2014ம் வருஷத்துப் பிப்ரவரி மாதம். ரஷ்யாவில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, எழுதவேண்டிய தொடர்கதை அத்தியாயத்தை எழுதாமல் இருக்க ஒரு காரணம் தேடி டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தேன்.

வெள்ளை வெளேரென்று ஐஸ் தரை. ஒருத்தி மண்டியிட்டபடி சறுக்கிக்கொண்டு வந்து ஒரு கருங்கல்லை மெல்லக் கையை விட்டாள். அது தன் பாட்டுக்கு நகர்ந்தது. இரண்டு பெண்கள் அதற்கு முன்னால் ஓடி ஓடித் தரையைத் தேய் தேய் என்று தேய்த்தார்கள். நாலாமவள் எதிர்க்கோடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என் மனைவி வந்து நின்றாள்.

"இது என்னங்க கூத்து? தரை பெருக்கிறதுக்கெல்லாம் மெடல் குடுக்கிறாங்களா?"

"குடுக்கிறாங்க போலிருக்கே."

"அப்படின்னா எனக்கு வரவேண்டிய பாக்கி நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் டெலிவிஷனை அணைக்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகு பல நாள் அந்த விளையாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

கர்லிங் என்பது அதன் பெயர். ஸ்காட்லாந்து தேசத்தார் உறைந்துபோன குளங்களின் மேல் ஆரம்பித்து, குடியேறிய இடமெல்லாம் கூடவே கொண்டுபோன விளையாட்டு. கல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 கிலோ. ஐஸ் பாதையின் நீளம் சுமார் 45 மீட்டர். அதன் கோடியில் கோலம் போட்டதுபோல் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். அந்த வட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? வீடு!

கோஷ்டிக்கு நாலு பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டு கல். எதிராளியின் கல்லைவிட வீட்டின் நடுவுக்கு அருகே நம்முடைய கற்கள் எத்தனை நிற்கின்றனவோ அத்தனை புள்ளி. கையை விட்ட பிறகு கல்லை யாரும் தொடக்கூடாது. துடைப்பம் தெரியாமல் பட்டுவிட்டால்கூட, பட்டவர்களே ஒப்புக்கொள்வதுதான் அங்கே மரியாதை. ஆனால் அதன் பாதையைத் துடைக்கலாம். ஐஸின் மேல் தண்ணீர்த் துளிகளைத் தெளித்துப் பொடிப்பொடியாக மேடு உண்டாக்கியிருப்பார்கள். தேய்க்கிற சூட்டில் அது சற்று வழுக்கும், கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவும் குறையும். கல்லைத் தள்ள முடியாது, வழியைச் சரிசெய்யலாம். இந்தப் பெருக்கலின் ரகசியம் இவ்வளவுதான்.

இதை விசாரிக்கப் போன இடத்தில்தான் சாண்ட்ரா ஷ்மிர்லரைத் தெரிந்துகொண்டேன்.

கனடாவில் சாஸ்கட்சுவான் மாகாணம். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல், குளிர்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பனி. அங்கே பிகர் என்று ஒரு சிற்றூர். இங்கிலீஷில் 'இன்னும் பெரியது' என்ற சொல்லுக்கும் அந்த ஊர்ப் பெயருக்கும் ஓசை ஒன்றுதான். 'நியூயார்க் பெரிய ஊர்தான். ஆனால் இது பிகர்' என்ற பொருளில் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள், குறும்புக்காரர்கள். அந்த ஊரில் 1963ல் பிறந்தவள் சாண்ட்ரா. தேகப்பயிற்சிப் படிப்பில் பட்டம் பெற்று, ரெஜைனா நகரத்துப் பொழுதுபோக்கு நிலையம் ஒன்றில் உத்தியோகம் பார்த்தாள். விளையாட்டு அவளுக்குச் சோறு போடவில்லை. சம்பளத்துக்கு வேலை, மற்ற நேரத்தில் ஐஸ்.

அவளோடு சேர்ந்தவர்கள் ஜான் பெட்கர், ஜோன் மக்கஸ்கர், மார்சியா குடரைட் என்ற மூவர். சாண்ட்ராதான் தலைவி. நால்வருமாக 1993லும், 1994லும், மறுபடி 1997லும் கனடாவின் பட்டத்தையும் அதே வருஷங்களில் உலகப் பட்டத்தையும் வென்றார்கள். பதிவுகளைப் புரட்டினால் முதல் இரண்டு வெற்றிகளும் சாண்ட்ரா பீட்டர்சன் என்ற பெயரில் இருக்கும். அது அப்போதைய புருஷன் வழியாக வந்த பெயர். அந்த மணவாழ்வு முறிந்தது. மூன்றாவது வெற்றியின்போது பிறந்த வீட்டுப் பெயரில் நின்றாள். பெயர் மாறியது, இல்லறம் மாறியது. கூட நின்ற மூன்று பேர் மட்டும் மாறவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன்பு ஒரு தொடர்கதை எழுதினேன். கதாநாயகி வீணை வாசிப்பவள். முதல் குழந்தை பிறந்ததும், வீணையை உறையிலிட்டுப் பரணில் ஏற்றிவிட்டுத் தொட்டிலை ஆட்டப் போவதாகக் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கிற்று. வாசகர்களும் கலங்கினார்கள். கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தன. அவற்றில் ஒன்று வெறும் கார்டு. பெண் கையெழுத்து. பாராட்டு ஒரு வரிகூட இல்லை. "ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள அந்த வீட்டில் ஒருவரும் இல்லையா?" என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான்.

பாராட்டியவர்களுக்கெல்லாம் பதில் போட்டேன். அந்தக் கார்டுக்குப் போடவில்லை. கலை தெரியாத பேர்வழி என்று ஒதுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. என் கதையில் அந்த வீட்டில் மாமியார் இருந்தாள், நாத்தனார் இருந்தாள், புருஷன் இருந்தான். எல்லோரையும் நான்தான் சும்மா நிறுத்தி வைத்திருந்தேன்.

1997 செப்டம்பரில் சாண்ட்ராவுக்குத் தலைச்சன் பெண் பிறந்தது. நவம்பரில், ஒலிம்பிக்குக்குக் கனடாவின் கோஷ்டி எது என்று முடிவு செய்யும் போட்டி பிராண்டன் நகரில். குழந்தைக்கு மூன்று மாதம்கூட நிறையவில்லை. என் பேனாவிடம் விட்டிருந்தால் அந்தத் துடைப்பம் அப்போதே பரணுக்குப் போயிருக்கும்!

அவள் போனாள். இறுதி ஆட்டத்தில் ஏழாவது சுற்று. நடுவிலிருக்கும் எதிராளியின் கல்லுக்கு நேர்வழி அடைத்துக் கிடந்தது. ஓரமாக ஒதுங்கி நின்ற ஒரு கல்லின்மேல் தன் கல்லை மோதவிட்டு, அங்கிருந்து உள்ளே திருப்பி, நடுவில் நின்ற கல்லைத் தட்டி வெளியேற்றினாள். அந்தச் சுற்றில் மூன்று புள்ளி! கேரம் பலகையில் நாம் சாதாரணமாகச் செய்யும் வித்தைதான். இங்கே பலகையின் நீளம் 45 மீட்டர், காய் 20 கிலோ. கர்லிங் ரசிகர்கள் இன்றும் அந்த ஒரு வீச்சைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

தலைவி தன் கல்லை வீச மண்டியிடும்போது எதிர்க்கோடியில் அவள் இடத்தில் இன்னொருத்தி நிற்கவேண்டும். துடைப்பத்தை நட்டுக் குறி காட்டவேண்டும், கத்தவேண்டும். அங்கே நின்றவள் ஜான் பெட்கர். துடைத்தவர்கள் மற்ற இருவர். கல் கையை விட்டுப் போனபின் சாண்ட்ராவால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றும் இல்லை. அந்த மூன்று பேரையும் அவர்கள் பேரில் வைத்த நம்பிக்கையையும்தான் அதற்குமேல் விளையாட்டு என்று சொல்லவேண்டும்.

1998 பிப்ரவரி. ஜப்பானில் நாகானோ ஒலிம்பிக். கர்லிங் நடந்தது கருயிசாவாவில். பெண்கள் கர்லிங்குக்கு ஒலிம்பிக்கில் பதக்கம் வைத்தது அதுதான் முதல் தடவை. அரை இறுதியில் பிரிட்டனோடு சமநிலையில் நின்று, கூடுதல் சுற்றில் 6-5 என்று தப்பினார்கள். இறுதி ஆட்டத்தில் டென்மார்க்கை எதிர்த்து முதல் சுற்றிலேயே மூன்று புள்ளி, முடிவு 7-5. தங்கம்.

கதையை இங்கே நிறுத்திவிட எனக்கு ஆசைதான். நடந்ததோ வேறு.

1999ல் இரண்டாவது பெண் பிறந்தது. சில மாதங்களில் சாண்ட்ராவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சையின் நடுவே, 2000 பிப்ரவரியில், மாங்க்டன் நகரில் நடந்த இளைஞர் போட்டிக்கு டெலிவிஷனில் வர்ணனை செய்ய வந்தாள். வியாதியைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் மறைக்காமல் பேசினாள். மார்ச் 2ந் தேதி காலமானாள். வயது 36. மூத்தவளுக்கு இரண்டரை வயது. இளையவளுக்கு ஒன்பது மாதம்கூட நிறையவில்லை.

சாஸ்கட்டூனில் அப்போது ஆண்களின் தேசியப் போட்டி. ஆட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவளுடைய இறுதிச் சடங்கின் ஒளிபரப்பை அரங்கத்திலேயே எல்லோரும் பார்த்தார்கள். அவள் வேலை பார்த்த பொழுதுபோக்கு நிலையத்துக்கு இன்று அவள் பெயர். அவள் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை ஒன்று, நோயோடும் குறைமாதத்திலும் பிறக்கும் சிசுக்களைக் காப்பாற்றும் கருவிகளை ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கித் தருகிறது.

இப்படி ஒரு முடிவை நான் எழுதினால் 'அழவைப்பதற்காகக் கொன்றுவிட்டார்' என்பார்கள். சரிதான். ஆனால் இதைப் படித்தபோது நான் அழுதது சாவுக்காக மட்டும் அல்ல. அந்த 36 வருஷத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட யாரும் அவளிடமிருந்து வாங்கிப் பரணில் ஏற்றவில்லையே! நோய்தான் ஏற்றியது, மனுஷர்கள் ஏற்றவில்லை. என் வீணைக்காரிக்கு ஒரு நோயும் இல்லை.

இதை எழுதி முடித்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கார்டு இருக்கா?" என்றாள்.

"எங்கேயாவது இருக்கும்."

"தேடுங்க. விலாசம் போட்டிருந்தாளா பாருங்க."

பரணில் ஏறித் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய கடிதக் கட்டுகள் ஏழெட்டு அகப்பட்டிருக்கின்றன, எல்லாம் பாராட்டு. அந்தக் கார்டு இன்னும் கிடைக்கவில்லை.