ஃபிலமெண்ட் ஹம்

மேடவாக்கத்தில் இந்த வீட்டை வாங்கியபோது மூன்றாவது அறை அப்பா அம்மாவுக்கு என்றுதான் பேச்சு. பத்துக்குப் பத்து. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து பிளாக்கின் கழிவுநீர்க் குழாய்கள் தெரியும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த அம்மா அந்த அறையில் இரண்டு இரவு படுத்துவிட்டு "காத்தே வரலையேப்பா" என்றாள். அப்பா எதுவும் சொல்லவில்லை, சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். இருவரும் கோவில்பட்டிக்குத் திரும்பிவிட்டார்கள். ஆறு மாதம் அந்த அறையில் அயர்ன் பண்ணாத துணியும் காலி சூட்கேஸ்களும் கிடந்தன. அப்புறம் ஒரு சனிக்கிழமை என் கிட்டாரை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

முதலில் வந்தது ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர். டொராண்டோவுக்குக் குடிபோன ஆபீஸ் நண்பன் பாதி விலைக்குக் கொடுத்தான். அதை வாசித்துப் பழகிய கையோடு வாக்ஸ் ஏசி15 மேல் ஆசை வந்தது. அது என் மாத இஎம்ஐயைவிட அதிகம். மனைவியிடம் விலையில் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன் (இதைப் படிப்பாள், தெரியும்). மூன்றாவது, மார்ஷல் 20 வாட் ஹெட். நான்காவதை நானே கட்டினேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

வால்வ் ஆம்ப் பைத்தியத்தை வெளியாளுக்கு விளக்குவது கஷ்டம். டிரான்சிஸ்டர் வந்து பெரும்பாலான இடங்களிலிருந்து வால்வைத் துரத்திவிட்டது. கிட்டார்காரர்கள் விடவில்லை. காரணம், வால்வின் குறைதான். தாங்க முடியாத அளவு சிக்னலைக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் சர்க்யூட் பொதுவாக அலையின் தலையைக் கத்தியால் வெட்டியதுபோல வெட்டிவிடும். வால்வ் ஆம்ப் மெதுவாக வளைந்து கொடுக்கும். மென்மையாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தினால் கரகரப்பாகவும் வரும். ஒரே வால்யூமில் விரல் அழுத்தத்தை வைத்தே இரண்டுக்கும் நடுவில் போய்வரலாம். சாப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், எரர் வரும்போது க்ராஷ் ஆகாமல் தடுமாறியபடியே வேலை செய்கிற சிஸ்டம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது. லியோ ஃபெண்டர் 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். கடைசிவரை கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. அவர் தேடியது சுத்தமான சத்தம். கரகரப்பு அவருக்குக் கோளாறு. வாங்கியவர்கள் குமிழை முழுக்கத் திருப்பி அந்தக் கோளாறையே சங்கீதமாக்கினார்கள். லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கடையும் நடத்திய ஜிம் மார்ஷல், 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களைப் போட்டு ஒரு ஆம்ப் செய்ய வைத்தார். அதுதான் ஜேடிஎம்45. காப்பியடித்தது என்று சொல்லலாம். ஆனால் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் மாறியதில் வேறொரு குரல் வந்துவிட்டது.

என் அறையிலிருந்த ப்ளூஸ் ஜூனியரையும் ஏசி15ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பவருக்கு இரண்டு ஈஎல்84, முன்னால் மூன்று 12ஏஎக்ஸ்7. இரண்டும் 15 வாட். ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் ஒரே கிட்டாரை மாற்றி மாற்றிச் செருகினால் ஒரே வீட்டில் பிறந்தவை என்று நம்ப மாட்டீர்கள். ஃபெண்டர் நிதானமாக, வட்டமாகப் பேசும். வாக்ஸ் எவர்சில்வர் தம்ளரை ஸ்பூனால் தட்டியதுபோலக் கணீரென்று வரும், கொஞ்சம் அழுத்தினால் சண்டைக்கு வரும்.

அப்படியென்றால் வால்வில் என்ன இருக்கிறது? இதை நான் உணர மூன்று வருஷமும் நிறையப் பணமும் ஆயிற்று. பெரிய வித்தியாசம் வால்வைச் சுற்றி இருப்பதில்தான். ஒரு உதாரணம், நெகட்டிவ் ஃபீட்பேக். வெளியே போகும் சிக்னலில் கொஞ்சத்தைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி அனுப்பினால், ஆம்ப் தன் பிழையைத் தானே கழித்துக்கொள்ளும். பெல் லேப்ஸின் ஹெரால்ட் பிளாக் 1927இல் வேலைக்குப் போகும் படகில் உட்கார்ந்து, கையிலிருந்த செய்தித்தாளில் கிறுக்கிய யோசனை அது. பெரும்பாலான ஃபெண்டர்களில் அது உண்டு. வாக்ஸ் பரம்பரையில் கிடையாது. தன்னைத் திருத்திக்கொள்ளாத ஆள் என்பதால்தான் அந்தச் சண்டைக்காரத்தனம்.

இதையெல்லாம் காதால் கேட்டு எழுதி வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்லோவாக்கியா வால்வ் "சூடு", ரஷ்யா வால்வ் "இறுக்கம்" என்றெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட். ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்து முறையாகச் சோதித்தேன். ஒரே வாசிப்பை ஒருமுறை பதிவு செய்து, அதையே ஒவ்வொரு ஆம்ப்புக்கும் அனுப்பி, மைக்கை அதே இடத்தில் வைத்து, சத்த அளவைச் சமப்படுத்தி (இது முக்கியம், கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பதைத்தான் காது எப்போதும் "நல்லா இருக்கு" என்று சொல்லும்), எது எது என்று எனக்குத் தெரியாமல் கலைத்துப் போடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். இரண்டு கம்பெனியின் ஈஎல்84களை அப்படிக் கேட்டதில் 20க்கு 11 சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே 10 வந்திருக்கும். ஸ்பீக்கரை மாற்றிக் கேட்டதில் 20க்கு 20. ஸ்ப்ரெட்ஷீட்டை அழித்துவிட்டேன்.

இன்னொன்றும் வாங்கிய பிறகுதான் புரிந்தது. வாட்டைப் பாதியாக்கினால் சத்தம் பாதியாகாது, 3 டெசிபல்தான் குறையும். காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்ற வாட் பத்தில் ஒன்றாக வேண்டும். வால்வ் ஆம்ப் நன்றாகப் பேசுவதோ அதை நன்றாகத் திருப்பும்போதுதான். 15 வாட் ஆம்ப்பை முழுக்கத் திறந்தால் மேடவாக்கம் கூட்ரோடு வரை கேட்கும். ஆக, மூன்று ஆம்ப்களையும் வால்யூம் இரண்டுக்கு மேல் நான் திருப்பியதில்லை. மேல்வீட்டு ஆன்ட்டி மாலை ஏழுக்கு விளக்கேற்றுவார், அதற்குள் முடித்துவிட வேண்டும். மே மாதத்தில் ஏசி இல்லாமல் அந்த அறையில் உட்காரவே முடியாது, வால்வ் சூடு அப்படி.

அதனால்தான் 5 வாட் ஆம்ப் ஒன்றை நானே கட்டலாம் என்று ஆரம்பித்தேன். 1950களின் ஃபெண்டர் சாம்ப் சர்க்யூட். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ரெக்டிஃபையராக ஒரு 5ஒய்3. அவ்வளவுதான். ரிச்சி தெருவில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மரை 230 வோல்ட்டுக்குச் சுற்றி வாங்கினேன். இரண்டு மாதம் வார இறுதிகளில் பற்றவைத்து, கடைசியில் ஆன் செய்தால் கிட்டார் கேட்டது. அதற்குப் பின்னால், கோடைமழைக்கு முந்தின வண்டுபோல ஒரு ரீங்காரமும் கேட்டது. கிரவுண்டை மாற்றினேன். கெப்பாசிட்டரை மாற்றினேன். வால்வை மாற்றினேன். போகவில்லை. அப்படியே மூடி வைத்தேன்.

அம்மா இறந்தது அந்த ஜனவரியில்.

அப்பா ஊரில் தனியாக இருந்துகொள்வேன் என்று எட்டு மாதம் பிடிவாதமாக இருந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டபிறகு நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். காரில் வரும்போது துவரங்குறிச்சி தாண்டித்தான் எனக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. நாலு ஆம்ப், ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி, சுவர் முழுக்க கருப்பு ஃபோம். மனைவிக்கு மெசேஜ் போட்டேன். அவள் ஆம்ப்களைச் சுவரோரம் அடுக்கி ஒரு கட்டிலைப் போட்டிருந்தாள். அப்பா உள்ளே வந்து ஃபோமை விரலால் அழுத்திப் பார்த்தார். "இது எதுக்கு?" என்றார். "சத்தம் எதிரொலிக்காம இருக்க." "காத்தும் வராது போல" என்றார். அம்மா சொன்ன அதே வார்த்தை. நான் கிச்சனுக்குப் போய்விட்டேன்.

அப்பா ரேடியோ மெக்கானிக். பதினாறு வயதில் ஒரு கடையில் சேர்ந்து, பிறகு சொந்தக் கடை. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் வால்வ் செட்டுகள். ஊரே இலங்கை வானொலி கேட்ட காலம். டிரான்சிஸ்டர் வந்தது, டேப் ரெக்கார்டர் வந்தது, டிவி வந்தது, ஒவ்வொன்றையும் கற்றுக்கொண்டே ஓட்டினார். ரிப்பேர் பார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவது மலிவு என்று ஆனபோது கடையை மூடினார். அந்தக் கடையில் நான் உட்கார்ந்ததாக ஞாபகமே இல்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் "புக்கை எடு" என்பார். அவர் படிக்க வைத்த எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்கில் வால்வுக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது.

வந்த நாலாம் நாள் ஏசி15இன் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஈஎல்84தானே?"

"ஆமாப்பா. ஸ்லோவாக்கியாலேருந்து வரவழைச்சேன்."

"பிலிப்ஸ் செட்ல கடைசி வால்வு இது. பெங்களூர்ல பிஇஎல் கம்பெனி போட்டுச்சு. கடையை மூடறப்ப ரெண்டு சாக்கு வால்வு பழைய இரும்புக்காரன்ட்ட போட்டேன். எடைக்குத்தான் எடுத்தான்."

பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வுகளை இன்றைக்கு வெளிநாட்டில் தேடித்தேடி வாங்குகிறார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் மூலையில் இருந்த என் 5 வாட் ஆம்ப்பைத் திறக்கச் சொன்னார். சர்க்யூட் படத்தை அரை நிமிஷம் பார்த்தார். "ரேடியோவோட பின்பாதி. டிடெக்டருக்கு அப்புறம் வர்றது." உண்மைதான். ஸ்டேஷன் பிடிக்கிற பகுதியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் கிட்டாரைச் செருகினால் சாம்ப். ஃபுல்லர்டன் மெக்கானிக்குக்கும் கோவில்பட்டி மெக்கானிக்குக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. நான்தான் மூன்று வருஷம் அதைப் பெரிய ரகசியம்போலப் படித்துக்கொண்டிருந்தேன்.

வீடியோ பார்த்து நான் செய்து வைத்திருந்த பல்பு லிமிட்டரை எடுத்துவந்தேன். புது சர்க்யூட்டை முதலில் நேராக மெயினில் கொடுக்கக்கூடாது. நடுவில் 60 வாட் குண்டு பல்பு இருந்தால், உள்ளே ஷார்ட் என்றால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும். அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்ற தோரணையில் விளக்க ஆரம்பித்தேன். "சீரீஸ் போர்டா? குடு" என்று வாங்கிக்கொண்டார்.

ஆன் செய்தேன். ரீங்காரம் வந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் காது சரியில்லை. டிவியை நாற்பதில் வைத்தும் "என்ன சொல்றான்?" என்பார். மேல் ஸ்தாயி போய்விட்டது. வயதானவர்களுக்கு அதுதான் முதலில் போகும். குக்கர் விசில்கூடச் சிலநாள் கேட்காது. அவர் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கட்டுப் போடாத கையை வைத்துத் தலையைச் சாய்த்தார்.

"கண்டன்சர் ஹம் இல்ல. ஃபிலமெண்ட் ஹம்."

"எப்படிப்பா தெரியும்?"

"கண்டன்சர் ஹம்னா இன்னும் ஒரு கட்டை மேல வரும். இது அடியில கிடக்கு."

நம்பாமல் லேப்டாப்பில் ஸ்பெக்ட்ரம் போட்டுப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸில் பெரிய கோபுரம், 100இல் பேருக்கு ஒரு மேடு. பவர் சப்ளை வடிகட்டலில் குறை என்றால் ஃபுல்வேவ் ரெக்டிஃபையரில் 100 ஹெர்ட்ஸ் வர வேண்டும். வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஏசி வயரிலிருந்து ஒட்டிக்கொள்வதுதான் 50. "ஒரு கட்டை" என்று அவர் சொன்னது சரியாக ஒரு ஸ்தாயி.

"வயரை முறுக்காம நேரா விட்டிருக்கே பாரு. இந்த வயர் கிரிட்டை ஒட்டிப் போகுது. சென்டர் டேப் இருக்கா?"

"இல்ல."

"அப்ப ரெண்டு நூறு ஓம் போட்டு நடுவை சேசிஸ்ல சேரு."

கை வைக்கப் போனேன். என் இடது கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. "ஒரு கையை முதுகுக்குப் பின்னாடி வை. எத்தனை வாட்டி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஒருவாட்டிகூடச் சொன்னதில்லை. கடைப் பையன்களுக்குச் சொன்னது அது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கும். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறினால் வழியில் இருப்பது நெஞ்சு. ரெசிஸ்டர் வைத்து அதை வடித்தபிறகு, ஒரு கையால், அவர் சொல்லச் சொல்ல வேலை செய்தேன். வயரைப் பிரித்து, முறுக்கி, மூலையோரமாகத் தள்ளி, நூறு ஓம் இரண்டைப் பற்றவைத்தேன். ஒரு மணிநேரம் ஆயிற்று. ஈயம் வைப்பதில் என் கை ஸ்டைலைப் பார்த்து இரண்டுமுறை உச்சுக்கொட்டினார்.

ரீங்காரம் நின்றது.

அந்த ஆம்ப் இப்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை, தண்ணீர் பாட்டில். தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் நான் சண்டை போடுகிறேன். ஒருநாள் மொபைலை அதில் செருகிப் பாட்டுப் போட முடியுமா என்று கேட்டார். கிட்டார் ஸ்பீக்கரில் பாட்டு நன்றாகவே இருக்காது, சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் சரசரவென்று இறங்கிவிடும் என்றேன். "போடு பார்ப்போம்" என்றார். பி. சுசீலா குரல் கம்பளி போர்த்தியதுபோல வந்தது. எனக்குச் சகிக்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "இப்பதான் சரியா கேக்குது" என்றார்.

போன மாதம் ஏசி15ஐயும் மார்ஷலையும் விற்றேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடம் வேண்டும், ஃபோமில் பாதியைப் பிய்த்து ஜன்னல் பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாயிற்று. ஏசி15ஐ வாங்க வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். தூக்கிப் பார்த்து "செம வெயிட்ணா" என்றான். 22 கிலோ. ஆட்டோவில் ஏற்ற நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். அப்பா பால்கனியிலிருந்து இறங்கி வந்து, ஆட்டோ கிளம்பும்வரை அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பையன் சிரித்தபடி தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக் காட்டினான்.