பேரீச்சம்பழத்துக்குப் போன பூண்கள்

துப்பாக்கி என்றதும் நேயர்கள் அஞ்ச வேண்டா. நம் இல்லத்தில் இருப்பது சுடும் கருவியன்று. குழலும் விசையும் நீங்கிய வெறும் மரக்கட்டை. மர்ஹூம் பாட்டனார் அவர்கள் மதுராந்தகத்துக்கு அருகே வேர்க்கடலை பயிரிட்டிருந்த காலத்தில், காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்கு உரிமம் பெற்று வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியின் மிச்சம் அது. வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிக்கின்ற பழைய வகை. முதுமையில், இனி உரிமம் வேண்டாம் என்று குழலையும் விசைப்பொறியையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். கட்டை மட்டும் பரணுக்குச் சென்றது.

அக்கட்டையில் அப்போது இரும்புப் பூண்கள் இருந்தன. தோளில் பதியும் அடிப்புறத்துக்கு ஒரு தகடு, விசையைச் சுற்றி ஒரு காப்பு வளையம், இடிகோலைச் செருகி வைக்க இரண்டு சிறு குழாய்கள். இருந்தன என்று இறந்த காலத்தில் எழுத நேர்ந்தமைக்குக் காரணம் நாமேதாம். ஒன்பது வயதில், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தரும் வண்டிக்காரர் தெருவில் மணியடித்தபோது, திருப்புளியால் அவற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டோம். இரு கையும் நிறையப் பழம் கிடைத்தது. கட்டையைப் பரணில் திரும்ப வைக்க மறந்துவிட்டோம். மாலையில் பாட்டனார் அதைத் தடவிப் பார்த்தார்கள், திட்டவில்லை. "பழம் இனிப்பா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்கள்.

பணி ஓய்வுக்குப் பின் தாம்பரத்தில் குடியமர்ந்தபோது அந்தக் கேள்வியும் கூடவே வந்து அமர்ந்தது. பூண்களை நம் கையாலேயே அடித்துப் பொருத்துவது என்று துணிந்தோம்.

முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறை. கடப்பாரைக்குக் கூர் தட்டுவதும் கொத்தர்களின் உளிக்கு முனை வைப்பதுமே அங்கு எஞ்சியிருந்த தொழில். ஆசாரியார் கேட்ட முதற்கேள்வி, "பாய், போலீஸ் வருமா?" என்பது. நியாயமான கேள்வி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி செய்வதும் பழுது பார்ப்பதும் குற்றம். குழலற்ற கட்டையை வீட்டில் நினைவுப்பொருளாக வைப்பது பற்றி வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே வந்தோம் என்றதும்தான் அவர் குறட்டை எடுத்துக் கையில் தந்தார்.

முதல் வாரம் முழுதும் துருத்திச் சக்கரம் சுற்றினோம். நல்ல தோழனைக் கஸ்தூரி வணிகனுக்கும் தீய தோழனைத் துருத்தி ஊதுவோனுக்கும் உவமித்த நபிமொழியை நேயர்கள் அறிவர். அதில் எச்சரித்தபடியே நம் சட்டையில் பொறி பட்டுத் துளைகள் விழுந்தன. புகை நாற்றத்தைப் பற்றிய மறுபாதியை நம் துணைவியார் வீட்டில் நினைவூட்டினார். மக்காவில் வாள் அடித்துப் பிழைத்த கப்பாப் (ரலி) அவர்களும் ஒரு கொல்லர்தாம் என்றும், தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதைத் திருமறை கூறுகிறது என்றும் சொல்லிச் சமாளித்தோம். நமக்கு அது மென்மையாகவில்லை என்பது வேறு செய்தி.

கடையில் விற்கும் கம்பி வேண்டா என்று ஆசாரியார் ஒரு பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தின் பட்டாவை வெட்டித் தந்தார். காப்பு வளையம் எளிதில் வந்தது. பட்டையின் இரு முனைகளையும் தடிப்பாக விட்டு, நடுப்பகுதியை நன்கு காய்ச்சி அகலமாகத் தட்டி, உருளைக் கம்பியின்மேல் வளைத்தால் போதும். அடித்தகடுதான் நம்மை அழவைத்தது. கட்டையின் குதிகாலில் அது செங்கோணமாக மடங்க வேண்டும்; மடங்கும் இடத்தில் இரும்பு இழுபட்டு மெலியும். ஆகவே முன்னதாகவே அவ்விடத்தை மட்டும் காய்ச்சி, முனையில் ஓங்கிக் குத்தி, இரும்பை அங்கே திரளச் செய்ய வேண்டும். பிறகு தோளுக்கு இசைவாகக் குழிவு.

முதல் தகடு மடிப்பில் வெடித்தது. "செவப்பு மங்க ஆரம்பிச்சா அடிக்காதீங்க பாய், திரும்ப ஒலையில போடுங்க" என்றார் ஆசாரியார். இரண்டாவதை உலையில் வைத்துவிட்டு அஸர் பாங்குக்குச் செவி கொடுத்து நின்றோம். அது வெண்சூடேறிப் பூப்பூவாய்ப் பொரிந்து எரிந்தது. மூன்றாவது தகடாயிற்று.

பழைய பூண்களின் வடிவம் நினைவில் இல்லை. மின்சார ரயிலேறி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்று, தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த படைக்கலங்களைக் கண்டோம். மன்னர்க்கு உரியவை, பன்றி விரட்டிய கட்டைக்கு அவை வழிகாட்டவில்லை. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் துப்பாக்கிகள் சிலவற்றில் செய்யிது மஃசூம் என்று செய்தவரின் பெயரும், சுல்தான் வகுத்த மவ்லூதி ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். நம் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், பெயரில்லை. பழைய தகடு பதிந்திருந்த பள்ளமும் திருகாணித் துளைகளுமே இருந்தன. அவற்றையே அளவாகக் கொண்டோம்.

பொருத்துவது தனி வித்தை. தகட்டின் உட்புறம் விளக்குக் கரியைத் தடவி, கட்டையில் அழுத்தி எடுத்தால், முட்டும் இடம் மட்டும் கறுக்கும். அதை உளியால் மெல்லச் சீவி மறுபடி அழுத்த வேண்டும். இப்படியே மூன்று மாலைகள் கழிந்தன. நான்காம் நாள் குதிகாலருகே சீவுகையில் மரச்சீவலுக்குப் பதில் கருஞ்சிவப்பாய் ஏதோ உதிர்ந்தது. ஆசாரியார் வாங்கி மோந்து பார்த்தார். அரக்கு. பள்ளத்தை ஆழமாக வெட்டிவிட்ட பழைய கைவினைஞர் அதில் அரக்கு உருக்கி நிரப்பி, தகட்டால் மூடியிருக்கிறார்.

"அந்த மனுசனும் தப்பா வெட்டியிருக்காரு பாய்" என்று ஆசாரியார் வாய்விட்டுச் சிரித்தார். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றோம். தகட்டைச் சூட்டோடு எண்ணெயில் தோய்த்துக் கறுப்பேற்றி, அந்த அரக்கின்மேலேயே வைத்துத் திருகினோம்.